அப்பாவின் ஒன்பது டப்பாக்கள்: பைப் புகையிலை எங்கே விளைகிறது, எங்கே தயாராகிறது?

#1 தோணித்துறை எழுதியது:

வணக்கம். இந்தக் களத்தில் இது என் முதல் இழை. அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மேசையின் அடித்தட்டில் ஒன்பது பைப் புகையிலை டப்பாக்கள் இருந்தன. ஐந்து இன்னும் பிரிக்கப்படாதவை. வீட்டில் வேறு யாரும் புகைப்பதில்லை, எனக்கும் அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் தூக்கி எறிய மனம் வரவில்லை. அவருடைய செக்ஸ்டன்ட் கருவி, கடல் வரைபடங்களோடு இந்த டப்பாக்களையும் ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று சிறு சீட்டு எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். அவர் போகாத கடல் இல்லை. ஊர்ப்பெயர்கள் சரியாக இருக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். நான்கு டப்பாக்களில் டென்மார்க் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டில் இங்கிலாந்து, அதில் ஒன்றில் கெண்டல் என்ற ஊர்ப்பெயரும் இருக்கிறது. ஒன்று ஜெர்மனி, ஒன்று அமெரிக்கா. ஒன்பதாவதில் ஒட்டியிருந்த தாளே உதிர்ந்துவிட்டது. புகையிலை வெயில் கேட்கும் பயிர் என்றுதான் படித்திருக்கிறேன். டென்மார்க்கில் அது விளையுமா? விளையாது என்றால் இந்த இலைகள் எந்த ஊருடையவை?

#2 கரைசேர்ந்தவன் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பாவின் தொழில்தான் என் தொழிலும். ஆழ்ந்த அனுதாபங்கள். கேள்விக்கு என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

1980களில் துருக்கியின் இஸ்மிர் துறைமுகத்தில் எங்கள் கப்பலில் புகையிலைச் சிப்பங்களை ஏற்றியிருக்கிறோம். சாக்குத் துணியில் இறுக்கித் தைத்த, ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கக்கூடிய சிப்பங்கள். ஈரமோ வேறு வாடையோ பட்டுவிடக் கூடாது என்பதால் அந்தத் தளத்தில் வேறு சரக்கு வைக்கமாட்டோம். அவை வடக்கு ஐரோப்பியத் துறைமுகங்களில் இறங்கின. அங்கிருந்து எந்தத் தொழிற்சாலைக்குப் போயின என்பது கப்பல்காரனுக்குத் தெரியாது. டப்பாவாகித் திரும்பி வரும்போது அதில் இஸ்மிர் என்ற பெயர் இருக்காது, தொழிற்சாலை இருக்கும் நாட்டின் பெயர்தான் இருக்கும். டப்பாவில் நீங்கள் பார்ப்பது கலந்த இடத்தின் முகவரி. விளைந்த இடத்தின் முகவரி வேறு.

இங்கிலாந்து டப்பாவில் கேவண்டிஷ் என்று எழுதியிருந்தால் அது மட்டும் அந்நாட்டிலேயே விளையும் ஒரு தனி இலை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

#3 அந்திமல்லி எழுதியது:

கரைசேர்ந்தவன் ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். கேவண்டிஷ் இலை இல்லை, செடியும் இல்லை. அது ஒரு செய்முறை. வர்ஜீனியா அல்லது பர்லி இலையை ஆவியில் வேகவைத்து, அழுத்தி, சூட்டில் வைத்திருந்தால் நிறம் கறுத்துக் காரம் தணியும். அதுதான் கேவண்டிஷ். 16ஆம் நூற்றாண்டு மாலுமி தாமஸ் கேவண்டிஷின் பெயரோடு அதை இணைத்துச் சொல்வார்கள். எந்த நாட்டிலும் செய்யலாம்.

டென்மார்க்கில் புகையிலை விளையவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1720களில் ஃபிரெடெரிசியா நகரில் குடியேறிய ஹியூகனோட்டுகள் என்ற பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் அங்கே புகையிலை பயிரிட்டார்கள். நெதர்லாந்தில் ஆமர்ஸ்ஃபோர்ட் வட்டாரமும் ஒரு காலத்தில் புகையிலைக்குப் பெயர் பெற்றது. ஆனால் இன்றைய டப்பாக்களுக்கும் அந்த வயல்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் நான்கு டேனிஷ் டப்பாக்களும் பெரும்பாலும் ஃபியூன் என்ற ஒரே தீவிலிருந்து வந்திருக்கும். அதன் தெற்குக் கரையில் இருக்கும் ஸ்வெண்ட்போர்க், மேக் பேரன் டப்பாக்களின் ஊர். 1826ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் அது, நெடுங்காலம் குடும்ப நிறுவனமாக இருந்தது. மேற்குக் கரையில் அசென்ஸ். அங்கே ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குழுமத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 2024இல் அந்தக் குழுமம் மேக் பேரனையும் வாங்கிவிட்டது. உலகத்தில் பைப் புகைப்பவர்களில் பெரும் பங்கினரின் இலை இந்தச் சிறு தீவின் வழியாகத்தான் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வர்ஜீனியா அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும். பர்லி அமெரிக்காவிலிருந்தும் மலாவியிலிருந்தும் வரும். தீவில் நடப்பது கலப்பதும் அழுத்துவதும் வெட்டுவதும்தான்.

#4 வெண்ணிலவன் எழுதியது:

நான் மருத்துவன். வாய்ப்புற்று நோயாளிகளை அன்றாடம் பார்ப்பவன். பைப் புகை நெஞ்சுக்குள் இழுக்கப்படுவதில்லை, அதனால் தீங்கில்லை என்று என்னிடம் வாதாடியவர்கள் பலர். உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எதையும் அது விட்டுவைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி புகையிலை ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை எடுக்கிறது. இந்த இழை இலையின் பெருமை பாடும் இடமாக மாறிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

#5 தோணித்துறை எழுதியது:

டாக்டர் ஐயா, நீங்கள் சொல்வதை மனதார ஏற்கிறேன். அப்பாவின் கடைசி இரண்டு ஆண்டுகளும் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் கழிந்தன. இந்த டப்பாக்களை வைத்துப் பெருமை பேச எனக்கு எதுவும் இல்லை. அவர் எதைச் சுவாசித்தார், அதை யார் எந்த வெயிலில் நின்று விளைவித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

#6 பிரியாபட்டணா மருமகன் எழுதியது:

அக்கா, விளைவிப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒருவன். என் மாமனார் வீடு மைசூரு மாவட்டம் பிரியாபட்டணா அருகே. ஹுன்சூர், பிரியாபட்டணா, எச்.டி.கோட்டை வட்டாரங்கள் முழுக்க வர்ஜீனியா இலைதான். ஆந்திராவில் பிரகாசம் மாவட்டமும் கோதாவரிப் பகுதியும் இதே பயிரில்தான் இருக்கின்றன. குண்டூரில் தலைமையகம் கொண்ட புகையிலை வாரியம் 1976 முதல் இதைக் கட்டுப்படுத்துகிறது. பயிரிடப் பதிவு வேண்டும், இலை சுடும் கொட்டகைக்கு உரிமம் வேண்டும், விற்பனை வாரியத்தின் ஏலத் தளத்தில்தான்.

வர்ஜீனியா என்பது இப்போது ஓர் இடத்தின் பெயர் இல்லை. குழாய்ச் சூட்டில் பாடம் செய்த இலைக்கு எந்த நாட்டிலும் அதுதான் பெயர். எங்கள் இலையில் பெரும்பகுதி சிகரெட்டுக்குத்தான் போகிறது. உங்கள் டப்பாவில் எங்கள் ஊர் இலை இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் டப்பாவில் இருக்கும் மஞ்சள் இலை எந்த நாட்டில் விளைந்திருந்தாலும் இப்படித்தான் பாடம் செய்யப்பட்டிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

ஜூலை, ஆகஸ்டில் அடியிலை முதல் மேலே மேலே, பழுக்கப் பழுக்க ஒடிப்போம். காலைப் பனியோடு ஒடித்தால் சட்டை நனைந்து உடம்பில் ஒட்டும். கையில் கறுப்பாகப் பிசின் ஏறும், சோப்புக்கு அது போகாது. ஒடித்த இலைகளைக் குச்சியின் இரு பக்கமும் கொத்துக் கொத்தாகக் கட்டி, கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிடுவோம். கொட்டகை உயரமான, சன்னல் அதிகம் இல்லாத கட்டடம். வெளியே அடுப்பு இருக்கும். அடுப்பிலிருந்து தகரக் குழாய்கள் உள்ளே தரையோடு ஓடி வெளியே வரும். புகை குழாய்க்குள்ளேயே போய்விடும், சூடு மட்டும் இலைக்குக் கிடைக்கும்.

முதலில் 38 டிகிரி அளவில் வைத்து இலையை மஞ்சளாக்க வேண்டும். நிறம் வந்ததும் சூட்டை ஏற்றி 50, 55 என்று கொண்டுபோய் அந்த நிறத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். கடைசியில் 70 டிகிரி, நடுநரம்பு காய்வதற்காக. ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இரவும் பகலும் ஆள் வேண்டும். மூன்றாம் இரவு மாமனார் தூங்கவேமாட்டார். சிறு கண்ணாடித் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு மணி நேரம் தாமதித்தால் மஞ்சள் பழுப்பாகிவிடும், ஏலத்தில் விலை பாதியாகிவிடும். முடிந்ததா என்று அறிய ஓர் இலையை எடுத்து நரம்பை ஒடிப்பார். சுள்ளி போல ஒடிய வேண்டும். பிறகு கதவைத் திறந்துவைத்து இரவுக் காற்றின் ஈரத்தை ஏற விடுவோம். இல்லாவிட்டால் தொட்டதும் தூளாகிவிடும்.

ஒவ்வொரு சூட்டுக்கும் எரியும் விறகைப் பார்த்தால் நெஞ்சு பதறும். அதையும் உங்கள் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள் அக்கா.

#7 அந்திமல்லி எழுதியது:

மருமகன் எழுதிய மூன்றாம் இரவுதான் இந்த இலையின் வரலாறே.

1839, வட கரோலினா மாநிலத்தின் கேஸ்வெல் கவுண்டி. அபைஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீஃபன் என்ற அடிமை இளைஞர் இரவில் கொட்டகைக்குக் காவல் இருந்தார். கண் அயர்ந்துவிட்டார். விழித்தபோது நெருப்பு அணையும் நிலையில் இருந்தது. ஓடிப்போய்க் கரியை அள்ளிவந்து கொட்டினார். கரியின் புகையில்லாத சூடு திடீரென்று ஏறியதும் இலைகள் பொன் மஞ்சளாக மாறின. அதற்கு முன் யாரும் அப்படி ஒரு நிறத்தைத் திட்டமிட்டு எடுத்ததில்லை. பண்ணைக்காரர் அந்த முறையைச் சீராக்கிப் பணம் பார்த்தார். கண்டுபிடித்தவர் அடிமையாகவே இருந்தார். கரிக்குப் பதில் குழாய்கள் பின்னால் வந்தன.

இன்று வர்ஜீனியா இலை விளையும் எல்லா நாடுகளும் அந்த ஒரு இரவுக்குக் கடன்பட்டவை. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. இலை மஞ்சளாகும்போது அதிலிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அப்போது சட்டென்று சூடேற்றி இலையின் உயிரை நிறுத்திவிட்டால் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுகிறது. வர்ஜீனியாவின் இனிப்பு அங்கிருந்து வருகிறது. பர்லி நேர்மாறு. முழுச் செடியாக வெட்டி, காற்றோட்டமான கொட்டகையில் ஆறு முதல் எட்டு வாரம் நிழலில் உலர்த்துகிறார்கள். இலை மெல்ல மெல்லச் சாகிறது, சாகும்வரை தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்க்கிறது. அதனால் பர்லியில் இனிப்பு கிடையாது, ஆனால் ஊற்றிய சாற்றை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். வனிலா மணமோ செர்ரி மணமோ வீசும் அமெரிக்க டப்பாக்களில் பெரும்பாலும் பர்லியோ அதிலிருந்து செய்த கேவண்டிஷோ இருக்கும். வெண்ணிறப் பர்லி 1864இல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு நாற்றங்காலில் தானாகத் தோன்றியது. விதை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கென்டக்கியிலிருந்து வந்தது.

#8 வடமராட்சியான் எழுதியது:

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தான், இப்போது டொரொண்டோவில் இருக்கிறேன். எங்கள் பக்கம் பைப்பைச் சுங்கான் என்போம். உன் டப்பாக்களில் ஏதாவது ஒன்றைத் திறந்தால் அடுப்படிப் புகை வாடை, கற்பூரமும் தோலும் கலந்தது போல வருகிறதா? வந்தால் அதில் லட்டாக்கியா இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் புகையில் பாடம் செய்த புகையிலைக்கு நடுவில் வளர்ந்தவன் நான்.

லட்டாக்கியா சிரியாவின் துறைமுக நகரம். அதன் பின்னால் இருக்கும் மலைக் கிராமங்களில் இலையை வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு, குளிர்காலம் முழுக்க அடுப்புப் புகை படவைத்தார்கள். விற்காமல் மீந்த இலை தற்செயலாகப் புகையில் கிடந்து கறுத்தது, அதுவே விரும்பப்பட்டது என்று ஒரு கதை உண்டு. அரபியில் அதை அபு ரிஹா என்பார்கள், மணத்தின் தந்தை என்று பொருள். பிறகு சைப்ரஸ் தீவுக்கும் இந்த முறை போனது. அங்கே சிறிய இலையை முதலில் வெயிலில் காயவைத்து, பிறகு மூடிய கொட்டகையில் வாரக்கணக்காகப் புகை போட்டார்கள். பைன், மாஸ்டிக், மிர்ட்டில் போன்ற வாசனைச் செடிகளின் புகை. சிரியாவில் மலைக்காடுகள் விறகுக்காக அழிந்துபோனதால் மரம் வெட்டக் கட்டுப்பாடு வந்து, அந்த இலை சந்தையிலிருந்து மெல்ல மறைந்தது.

எங்கள் ஊரிலும் புகைக்குடில் உண்டு. தேங்காய்ப் பொச்சுமட்டையைப் போட்டுத் தணல் எழும்பாமல் புகையவிட்டு இலையைக் கறுக்க வைப்பார்கள். அது சுங்கானுக்கு இல்லை, வெற்றிலையோடு மெல்வதற்கும் சுருட்டுக்கும். திருவிதாங்கூர்தான் அதற்கு நெடுங்காலம் பெரிய சந்தை. என் பாட்டன் குடிலிலிருந்து வெளியே வரும்போது கண் இரண்டும் செம்பருத்தி போல இருக்கும். கனடாவுக்கு வந்த பிறகு ஒரு கடையில் லட்டாக்கியா டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். பாட்டனின் சால்வை என் முன்னால் வந்து நின்றது. சிரியாக்காரனுக்கும் வடமராட்சிக்காரனுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனாலும் இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள்.

இன்னொன்று. இங்கே ஒன்டாரியோவில் நார்ஃபோக் கவுண்டியில் டெல்லி என்றொரு ஊர் இருக்கிறது. மணற்பாங்கான நிலம். 1920கள் தொடங்கி வர்ஜீனியா இலைக்குக் கனடாவின் தலைநகரம் அதுதான். ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள் அதில் உழைத்து எழுந்தார்கள். புகையிலை அருங்காட்சியகம்கூட அங்கே இருக்கிறது. இப்போது பல வயல்களில் ஜின்செங் வேர் பயிரிடுகிறார்கள்.

#9 கரைசேர்ந்தவன் எழுதியது:

அந்திமல்லிக்கு நன்றி, கேவண்டிஷ் பற்றி இத்தனை ஆண்டுகள் தவறாக நினைத்திருந்தேன்.

இஸ்மிர் இலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். சிப்பம் ஒன்று தையல் விட்டுத் திறந்திருந்தபோது பார்த்தேன். ஒவ்வொரு இலையும் என் உள்ளங்கையைவிடச் சிறியது. நம் ஊர்ப் புகையிலையை முழம்போட்டு அளக்கும் கண்ணுக்கு அது புளிய இலை மாதிரி. ஏன் இத்தனை சிறிது என்று துறைமுகத்தில் ஒருவரிடம் கேட்டேன். கல்லும் சரளையுமான ஏழை மண், மழை குறைவு, நெருக்கி நடவு, அதனால் இலை பெருக்காது, எண்ணெயும் மணமும் அதற்குள் சுருங்கி ஏறிவிடும் என்றார். ஊசியில் நூல் கோத்து இலை இலையாகக் கோத்து வெயிலில் காயவைக்கிறார்கள். ஒரு சிப்பத்தில் எத்தனை ஆயிரம் ஊசிக்குத்து இருக்கும் என்று அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

#10 அந்திமல்லி எழுதியது:

ஐயா, அதே சிற்றிலைதான் கிரேக்கத்தின் வடக்கிலும் விளைகிறது. சாந்தி, டிராமா, கவாலா. கவாலா துறைமுகத்தில் பழைய புகையிலைக் கிடங்குகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன, ஓர் அருங்காட்சியகமும் உண்டு. 1923இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்தபோது அனடோலியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளில் ஏராளமானோர் இந்த வயல்களிலும் கிடங்குகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1936 மே மாதம் தெசலோனிகி நகரில் கூலி உயர்வு கேட்டுத் தெருவுக்கு வந்த புகையிலைத் தொழிலாளர் மீது காவல்துறை சுட்டது. உயிர்கள் போயின. இந்தச் சிற்றிலைக்குச் சந்தையில் வழங்கும் ஓரியண்டல் என்ற அழகான சொல்லுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

ஊர்ப்பெயர் எப்படிப் பயணம் செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சாந்திக்குப் பக்கத்தில் யெனிட்ஜே என்ற சிற்றூர். அதன் இலை புகழ்பெற்றது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1909இல் ஒரு சிகரெட் ஆலை கட்டி முடிக்கப்பட்டது. மசூதியைப் போலவே கண்ணாடிக் குவிமாடம், மினாரைப் போலப் புகைபோக்கி, பெயர் யெனிட்ஸே. கட்டடம் இன்றும் நிற்கிறது. அதைப் பார்க்கும் பயணிகளில் எத்தனை பேருக்கு அந்தக் கிரேக்கச் சிற்றூர் தெரியும்?

#11 நெல்லிமரம் எழுதியது:

அமெரிக்க டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது? பெரிக் என்ற சொல் இருக்கிறதா? நான் லூசியானாவில் பாட்டன் ரூஜ் நகரில் மண்ணியல் படிக்கிறேன். பெரிக் விளையும் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் எனக்கு ஒரு மணி நேரப் பயணம்.

#12 தோணித்துறை எழுதியது:

அமெரிக்க டப்பாவில் வர்ஜீனியா, பெரிக் என்று இரண்டு சொற்களும் இருக்கின்றன. பெரிக் என்றால் ஏதோ வாசனைப் பொருள் என்று நினைத்தேன்.

#13 நெல்லிமரம் எழுதியது:

வாசனைப் பொருள் இல்லை அக்கா, அது இலையேதான். உலகத்தில் இத்தனை சிறிய இடத்துக்குள் அடங்கிய புகையிலை வேறு எதுவும் எனக்குத் தெரியாது. மிசிசிப்பி ஆற்றின் கரையில், நியூ ஆர்லியன்ஸுக்கும் பாட்டன் ரூஜுக்கும் நடுவில், கிராண்ட் பாயிண்ட் என்ற மேட்டு நிலம். சோக்டா, சிக்கசா பழங்குடியினர் மரப் பொந்துகளில் இலையை அழுத்தி ஊறவைத்ததைப் பார்த்து, பியர் ஷெனே என்ற விவசாயி 1824இல் அதைத் தொழிலாக்கினார் என்பது அங்கே வழங்கும் வரலாறு.

நான் பார்த்ததை எழுதுகிறேன். காற்றில் உலர்ந்த இலைக்கு லேசாக ஈரம் காட்டி நடுநரம்பை உருவுகிறார்கள். இலைகளை முறுக்கிப் பிடிபிடியாகச் சுருட்டி, விஸ்கி வைத்திருந்த ஓக் பீப்பாய்க்குள் அடுக்குகிறார்கள். மேலே மரப்பலகை, அதன்மேல் திருகு ஜாக்கி, பாரம் தூக்குகிறோமே அதே வகை. திருகத் திருக இலையிலிருந்து கறுப்புச் சாறு கசிந்து மேலே ஏறி நிற்கிறது. காற்று உள்ளே புகாததால் இலை தன் சாற்றிலேயே புளிக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை பீப்பாயைத் திறந்து, இலையை வெளியே எடுத்து உதறிக் காற்றுக் காட்டி, மறுபடி அடுக்கி அழுத்துகிறார்கள். ஓர் ஆண்டு ஆகிறது. நான் போன அன்று ஒரு பீப்பாய் திறந்திருந்தது. பழைய புளியும் அத்திப்பழமும் காடியும் ஒன்றாய்ச் சேர்ந்த வாடை. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெளியே வந்தால் கரும்பு வயல், அதற்கு அப்பால் ஆற்றோரம் முழுக்க இரசாயன ஆலைகளின் குழாய்கள்.

இதைத் தனியாகப் புகைப்பவர் மிகச் சிலர். வர்ஜீனியாவோடு சிறிதளவு சேர்ப்பார்கள், நாம் குழம்புக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி.

#14 பிரியாபட்டணா மருமகன் எழுதியது:

நெல்லிமரம் அண்ணா, ஒரு சந்தேகம். அது மண்ணின் குணமா, பீப்பாயின் குணமா? எங்கள் இலையைக் கொண்டுபோய் அதே பீப்பாயில் அழுத்தினால் பெரிக் ஆகாதா?

#15 நெல்லிமரம் எழுதியது:

என் பேராசிரியரிடம் நானும் இதைத்தான் கேட்டேன். அங்கேயே இதற்கு ஒரு பதில் நடைமுறையில் இருக்கிறது. விளைச்சல் போதாததால் கென்டக்கிப் பர்லி இலையை வரவழைத்து, அதே ஊரில் அதே முறையில் புளிக்கவைத்து, உள்ளூர் இலையோடு கலந்து அகேடியன் பெரிக் என்ற பெயரில் விற்கிறார்கள். கலவைக்காரர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆக, பெரும்பங்கு பீப்பாயுடையது என்றுதான் நான் எண்ணுகிறேன். கிராண்ட் பாயிண்ட் விவசாயிகள் முன்னால் இதைச் சொன்னால் ஏற்கமாட்டார்கள். உள்ளூர் விதையும் வண்டல் மண்ணும் சேர்ந்தால்தான் அந்தக் காரம் வரும் என்பார்கள். அவர்கள் வாதத்தைத் தள்ளவும் எனக்கு மனமில்லை.

#16 வெண்ணிலவன் எழுதியது:

மறுபடி வருகிறேன். சகோதரியின் பதிலைப் படித்த பிறகு என் முதல் பதிவின் கடுமை எனக்கே வருத்தமாக இருந்தது. விளைவிப்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். என் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மருமகன் தம்பி பனியோடு இலை ஒடிப்பதைச் சொன்னார். நனைந்த இலையிலிருந்து நிகோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். தலைசுற்றல், வாந்தி, வெளிறிப்போதல். பச்சைப் புகையிலை நோய் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வாழ்நாளில் ஒரு பீடி பிடிக்காதவருக்கும் வரும், சிறுவர்களுக்கு இன்னும் கடுமையாக. தம்பி, கையுறையும் மழைக்கோட்டும் இல்லாமல் காலையில் வயலில் இறங்க வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லுங்கள்.

மலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்லிக்கும், விறகுப் புகையில் பாடம் செய்த கறுத்த இலைக்கும் பெயர் பெற்ற நாடு. லிலோங்வேயில் ஏலத் தளம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரு பயிரிலிருந்து வருகிறது. குத்தகைக் குடும்பங்கள் குழந்தைகளோடு வயலில் நிற்கின்றன. கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் கலந்திருக்கிறது என்று 2019 நவம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை மலாவிப் புகையிலையை எல்லையிலேயே நிறுத்திவைக்க ஆணையிட்டது. பக்கத்தில் ஜிம்பாப்வே. 2000இல் சுமார் 23 கோடி கிலோ விளைந்த வர்ஜீனியா, நிலச் சீர்திருத்தக் கொந்தளிப்புக்குப் பிறகு 2008இல் ஐந்து கோடி கிலோவுக்கும் கீழே போனது. இன்று சிறு விவசாயிகளின் கைகளால் பழைய அளவையும் தாண்டிவிட்டது. காடுதான் அதற்கு விலை கொடுக்கிறது.

#17 தோணித்துறை எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கெண்டல் டப்பாவைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? திறந்திருக்கும் நான்கில் அதுவும் ஒன்று. உள்ளே இருப்பது புகையிலை மணமாகவே இல்லை. ரோஜா, சோப்பு, பாட்டி வைத்திருந்த பவுடர் டப்பா.

#18 அந்திமல்லி எழுதியது:

அது கெண்டலேதான், சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகள் நிறைந்த மலைநாட்டின் வாசலில் இருக்கும் ஊர். 1792இல் தாமஸ் ஹாரிசன் என்பவர் கிளாஸ்கோவிலிருந்து மூக்குப்பொடி எந்திரங்களை அங்கே கொண்டுவந்தார். பின்னால் கவித் குடும்பம் அந்தத் தொழிலை நடத்தியது. குடும்பம் பிரிந்து ஒரே சிற்றூரில் இரண்டு கம்பெனிகளாகப் பல தலைமுறை இயங்கி, 2015இல் மறுபடி ஒன்றாயின. மூக்குப்பொடிக்குப் போடும் ஜெரேனியம், டோன்கா விதை போன்ற வாசனைகள் பைப் புகையிலைக்கும் ஏறிவிட்டன. பவுடர் மணம் அதுதான். பிடிக்காதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிடித்தவர்கள் வேறொன்றைத் தொடமாட்டார்கள்.

கெண்டலில் இன்றும் இலையைக் கயிறாகத் திரிக்கிறார்கள். மலாவியின் கறுத்த இலை இந்தக் கயிறுகளில் சேரும். இங்கிலாந்தின் பெரிய ஆலைகள் மூடிவிட்டன. நாட்டிங்ஹாமில் பல தலைமுறையாக நடந்த தொழில் 2016இல் நின்றது. சிற்றூர்க்காரர்கள் நிலைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு யோசனை. திறந்த டப்பாக்களில் ஒன்றை வெள்ளைத் தாளில் கொட்டி, சாமணத்தால் நிறம் நிறமாகப் பிரித்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிரிக்காத டப்பாக்களைத் திறக்க வேண்டாம். மேலே வெண்மையாக ஏதாவது பூத்திருந்தால் பூஞ்சை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பழைய வர்ஜீனியாவில் சர்க்கரை போன்ற படிகம் மின்னும். பூஞ்சை என்றால் பஞ்சு போல இருக்கும், மக்கல் வாடை அடிக்கும்.

#19 தோணித்துறை எழுதியது:

நேற்று இரவு செய்தேன். தாள் உதிர்ந்த ஒன்பதாவது டப்பா. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் விரித்து விளக்கைக் கீழே இறக்கி உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது.

மஞ்சளும் செம்பழுப்புமான இழைகள் ஒரு குவியல், அவற்றில் சிலவற்றின் மீது உப்புத்தூள் போல மின்னல். வர்ஜீனியா என்று வைத்துக்கொண்டேன். கரிய, எளிதில் ஒடியும் துணுக்குகள் இன்னொரு குவியல். மூக்கருகே கொண்டுபோனதும் விறகடுப்பு. வடமராட்சியான் ஐயா, உங்கள் பாட்டனாரின் சால்வை என்று நீங்கள் எழுதியது எனக்கு அப்போது புரிந்தது. என் அப்பாவின் அறைக் கதவைத் திறந்தால் வரும் வாடை அதுதான். இத்தனை நாளும் அது அப்பாவின் வாடை என்றே நினைத்திருந்தேன். சைப்ரஸ் மலைச் செடிகளின் புகை என்று நேற்றுத்தான் தெரிந்தது. மூன்றாவது குவியலில் வெளிர் பச்சையும் பழுப்பும் கலந்த மெல்லிய இழைகள். நான்கு விரல் அளவுகூட அகலம் இல்லாத இலையிலிருந்து வெட்டியது போல நரம்புகள் மிக நுண்ணியவை. கரைசேர்ந்தவன் ஐயாவின் இஸ்மிர் சிப்பம் அல்லது கிரேக்கம்.

சீட்டு எழுதிவிட்டேன்: “வர்ஜீனியா இலை, குழாய்ச் சூட்டில் பாடம் செய்தது. லட்டாக்கியா, கிழக்கு மத்தியதரைக் கடல், புகையில் பாடம் செய்தது. ஓரியண்டல், ஏஜியன் கடற்கரை, வெயிலில் காய்ந்தது. கலந்த இடம் தெரியாது. விறகு எரித்து, இரவு விழித்துச் செய்தவர்கள் பெயர் தெரியாது.”

கெண்டல் டப்பாவில் மட்டும் ஒன்று புரியவில்லை. காசு போல வட்ட வட்டமாக நறுக்கிய துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிர் நிறத்தில் சிறு சிறு புள்ளிகள், கண் வைத்தது போல. அது என்ன இலை?

#20 பிரியாபட்டணா மருமகன் எழுதியது:

அக்கா, அது தனி இலை இல்லை. கயிறாகத் திரித்ததைக் குறுக்கே வெட்டிய வில்லைகள். நரம்பை உருவாமல் திரித்திருப்பார்கள். வெட்டும்போது நடுநரம்பும் குறுக்கே வெட்டுப்பட்டுப் புள்ளியாகத் தெரிகிறது. பறவைக்கண் என்று அந்த வெட்டுக்குப் பெயர். மாமனார் ஒடித்துப் பார்ப்பாரே, அந்த நரம்புதான்.